கெட்டது சப்வூஃபரா, உள்ள இருக்கிற கெபாசிட்டரா?

நடுவர் ஐயாவுக்கும், எதிர்ல உக்காந்து சிரிச்சிட்டிருக்கிற எதிரணிக்கும், சேர் பத்தாம செவத்துல சாஞ்சு நிக்கிற நம்ம குடியிருப்பு மக்களுக்கும் வணக்கம். வீட்டு சப்வூஃபர், அதாவது பாஸ் சத்தத்துக்குன்னு தனியா இருக்கிற அந்த ஸ்பீக்கர் பெட்டி, கெட்டுப்போனா ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்குறதா, இதான் தலைப்பு. நான் ரிப்பேர் பக்கம் பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் நல்லா பேசினாரு, கைதட்டலும் வாங்கிட்டாரு. என்ன சொன்னாரு? ரிப்பேருக்கே பாதி காசு போயிடும், மேல கொஞ்சம் போட்டா வாரண்டியோட புதுசே வந்துடும்னாரு. சரிண்ணே, எது கெட்டுச்சுன்னு பாத்து இந்த பாதி கணக்கு போட்டீங்க? அவரு பேச்சு முழுக்க காதைத் தீட்டிக்கிட்டு கேட்டேன் ஐயா, அவர் வீட்டு சப்வூஃபர்ல என்ன பாகம் போச்சுன்னு ஒரு வார்த்தை வரல, சத்தம் வரலன்னாரு, அப்படியே ஷோரூமுக்குப் போயிட்டாரு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் இது!

அந்தப் பெட்டிக்குள்ள என்னதாங்க இருக்கு? எம்டிஎஃப்னு சொல்ற மரத்தூள் பலகைல ஒரு பெட்டி, ஒரு டிரைவர், அதாவது அந்த பெரிய ஸ்பீக்கர், பின்பக்கம் ஒரு ஆம்ப்ளிஃபையர் போர்டு, அதுக்கு கரண்ட் குடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இல்லன்னா அந்த வேலையைச் செய்ற எஸ்எம்பிஎஸ்ங்கிற பவர் சப்ளை போர்டு. இதுல பெட்டி, காந்தம், டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் லேசுல கெடாது. பெரும்பாலும் கெடுறது ஃபியூஸ், கரண்டை சேத்து வைக்கிற கெபாசிட்டர் வீங்கிப்போறது, ஐசிங்கிற சிப்பு வெடிக்கிறது, ஸ்பீக்கர் ஓரத்துல பொடிப்பொடியா உதிர்ற ஃபோம் ரிங். இதுல முக்காவாசி அயிட்டம் நீங்க தியேட்டர்ல வாங்கித் தின்ற பாப்கார்ன் விலைகூட வராது.

அதுக்கும் முன்னாடி, நிஜமாவே கெட்டிருக்கான்னு பாத்தீங்களா? பல வீட்டுல சப்வூஃபர் நல்லாத்தான் இருக்கும், ஸ்பீக்கருக்கெல்லாம் சத்தத்தை பிரிச்சு அனுப்புற ஏவி ரிசீவர் மெனுல யாரோ குழந்தை நோண்டி சப்வூஃபர் 'நோ'ன்னு மாத்தி வச்சிருக்கும், இல்ல ரிசீவர்லருந்து சத்தம் கொண்டு வர்ற ஆர்சிஏ கேபிள் பாதி கழண்டிருக்கும், இல்ல பின்னாடி இருக்கிற வால்யூம் திருகை வீடு கூட்டுறவங்க தொடைக்கும்போது ஜீரோவுக்கு திருப்பி விட்டிருப்பாங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு தீபாவளி ஆஃபர்ல புதுசு புக் பண்ண போனை எடுத்தாரு, நான் போய் ரிசீவர் பக்கம் கேபிளை உருவி, பின்னாடி வால்யூமை கொஞ்சமா வச்சுட்டு கேபிள் நுனில இருக்கிற நடுப் பின்னை விரலால தொட்டேன், கொர்ர்ர்னு சத்தம் வந்துச்சு. அப்போ ஆம்ப் உயிரோட இருக்கு, ஸ்பீக்கரும் உயிரோட இருக்கு, கோளாறு அதுக்கு முன்னாடி, ரிசீவர் பக்கம்தான். போனை வாங்கி வச்சுட்டேன்.

அது சத்தம் குடுக்கலன்னா அடுத்தது பாருங்க. பவர் லைட்டே எரியலன்னா ஃபியூஸ். ஆனா அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போடணும், சிகரெட் டப்பா வெள்ளித் தாளை சுத்தி மாட்டுற வேலையெல்லாம் வேணாம், மறுபடி ஃபியூஸ் போச்சுன்னா உள்ள ஏதோ ஷார்ட்டுன்னு அர்த்தம். லைட் எரியுது சத்தம் இல்லன்னா ஸ்பீக்கர் வயரை கழட்டிட்டு ஒரு 1.5 வோல்ட் பேட்டரிய ரெண்டு முனைலயும் லேசா தொட்டு எடுங்க, டொப்புன்னு கோன், அதாவது ஸ்பீக்கரோட முன்பக்க தாள், அசைஞ்சா உள்ள இருக்கிற கம்பிச் சுருள், அதான் காயில், நல்லாருக்கு. மல்டிமீட்டர் இருந்தா இன்னும் சுலபம், 4 ஓம் ஸ்பீக்கர்னா மூணரை பக்கம் காட்டும், ஒண்ணுமே காட்டலன்னா காயில் அறுந்துருச்சு. கோனை நாலு பக்கமும் விரல் வச்சு சமமா அமுக்குங்க, கரகரன்னு உரசினா காயில் எரிஞ்சு வீங்கியிருக்குன்னு அர்த்தம். அப்பவும் தூக்கிப் போட வேணாம், ரீகோன் பண்ற, அதாவது கோனையும் காயிலையும் புதுசா மாத்திக் குடுக்கிற ஆளுங்க இருக்காங்க, கோயில் திருவிழாவுக்கு மைக்செட் கட்டுறவங்ககிட்ட கேளுங்க, எந்தக் கடைன்னு அவங்களுக்குத் தெரியும்.

ம்ம்ம்னு ஒரு ஹம்மிங் மட்டும் விடாம வருதா? ஆர்சிஏ கேபிளை கழட்டிப் பாருங்க. கழட்டின உடனே நின்னா அது எர்த் பிரச்சனை, பெரும்பாலும் செட்டாப் பாக்ஸ் கேபிள் வழியா வர்றது, சப்வூஃபர் மேல குத்தமே இல்ல. நிக்கலன்னா ஃபில்டர் கெபாசிட்டர் காஞ்சு போயிருக்கு. இதை கண்டுபிடிக்காம புதுசு வாங்கினா என்னாகும் தெரியுமா, எர்த் பிரச்சனை வீட்டுலயே இருக்கும், புது சப்வூஃபரும் அதே ம்ம்ம்.

எதிரணி அக்கா இன்னொண்ணு சொன்னாங்க, ரிப்பேர் பண்ணினாலும் மூணு மாசத்துல திரும்ப போயிடுதுன்னு. நியாயமான கேள்விதான், ஆனா ஏன் போகுது? ஆம்ப்ல இருக்கிற அவுட்புட் ஐசி ஷார்ட் ஆனா டிசி கரண்ட் நேரா காயிலுக்குள்ள போகும், காயில் எரிஞ்சிடும். அரைகுறை மெக்கானிக் என்ன பண்றாரு, எரிஞ்ச ஸ்பீக்கரை மட்டும் மாத்தி குடுத்துடறாரு, ஐசி ஷார்ட் அப்படியே இருக்கு, புது ஸ்பீக்கரும் எரியுது. தப்பு அரை ரிப்பேர் மேலக்கா, ரிப்பேர் மேல இல்ல. ஸ்பீக்கர் முனைல டிசி வோல்டேஜ் வருதான்னு அளந்துட்டு மாட்டுங்கன்னு ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லிப் பாருங்க, உங்களைப் பாக்குற பார்வையே மாறிடும்.

இன்னொரு காரணமும் இருக்கு, சூடு. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி சூடு ஏறும்போதும் ஆயுசு ஏறக்குறைய பாதியாகும். நம்ம வீட்டுல சப்வூஃபரை டிவி யூனிட்டுக்குள்ள தள்ளி, செவத்தோட ஒட்டி, அது மேல பூவேலை போட்ட துணி போத்தி, துணி பறக்காம இருக்க அது மேல குத்துவிளக்கு வேற. பின்னாடி சூட்டை வெளிய விடுற ஹீட் சிங்க் மூச்சு முட்டி சாகுது! புதுசு வாங்கி அதையும் அங்கயேதான் வைக்கப் போறீங்க. கெபாசிட்டர் மாத்தும்போது 85 டிகிரி சூடு வரைக்கும் தாங்குறதுக்கு பதில் 105 டிகிரி தாங்குறதை போடச் சொல்லுங்க, கம்பெனி போட்டதை விட நல்லதா உழைக்கும்.

புதுசுல பவர் ஜாஸ்தின்னு வேற சொன்னாரு அண்ணன், டப்பால 3000 வாட்ஸ் பிஎம்பிஓன்னு, அதாவது விளம்பரத்துக்குப் போடுற உச்ச பவர் கணக்கு, போட்டிருக்காம். அண்ணே, அதை நீங்க மாட்டுறது 6 ஆம்பியர் பிளக்ல. 230 வோல்ட் பெருக்கல் 6, மொத்தமே 1380 வாட்ஸ். மீதி 1620 வாட்ஸ் எங்கருந்து வருது, பக்கத்து வீட்டுலருந்தா? ரெண்டு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த பல சின்ன 2.1 செட்டுகள்ல வந்த டிடிஏ 2030 ஐசி 4 ஓம்ல குடுக்கிறது சுமார் 14 வாட்ஸ். அந்த 14 வாட்ஸ்லதான் நம்ம எல்லாரும் ஜன்னல் அதிர பாட்டு கேட்டோம். புளூடூத் இல்லன்னு ஒரு குறை சொன்னாரு, சின்ன ரிசீவர் ஒண்ணு வாங்கி ஆக்ஸ்ல சொருகினா முடிஞ்சுது.

அப்புறம் சவுண்ட்பார் வச்சிருக்கிறவங்க கவனிங்க. அதோட வர்ற வயர்லெஸ் சப்வூஃபர் பொதுவா அதோட பாரோட மட்டும்தான் சேரும். சப்வூஃபர் மட்டும் தனியா குடுங்கன்னா கடையில பெரும்பாலும் கிடைக்காது, செட்டா வாங்குங்கம்பாங்க, நல்லா இருக்கிற பாரையும் சேத்து கடாசணும். இவங்களுக்கு புதுசுங்கிறது ரெட்டைச் செலவு. 2022 ஜூலைல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு கமிட்டி போட்டதே இந்த மாதிரி ஆதங்கத்துலதான், ஸ்பேர் குடுக்காம புதுசையே வாங்க வைக்கிறாங்கன்னு.

போர்டு மொத்தமா கருகி, டிராக்கெல்லாம் எரிஞ்சு போச்சா? அப்பவும் பெட்டியும் டிரைவரும் நல்லா இருக்குமே. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல லோ பாஸ் ஃபில்டரோட, அதாவது பாஸ் சத்தத்தை மட்டும் விடுற சர்க்யூட்டோட, சப்வூஃபர் போர்டு தனியாவே கிடைக்குது, வோல்டேஜும் ஓமும் பொருந்துதான்னு பாத்து மாட்டினா போதும். ஆனா டிரைவரை மாத்தும்போது கடைக்காரர் பெருசா போடுங்க சார்னு சொன்னா மயங்காதீங்க. அந்தப் பெட்டியோட கன அளவு, அந்த ஓட்டைக் குழாயோட நீளம் எல்லாம் அந்த டிரைவருக்குன்னு கணக்கு போட்டது, ஆஸ்திரேலியாவுல நெவில் தீல்னு ஒரு இன்ஜினியர் 1961லயே இதுக்கு கணக்கு எழுதி வச்சுட்டாரு, பின்னாடி ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினாரு. பொருந்தாத டிரைவரை போட்டா பாஸ் வராது, பொதபொதன்னு ஒரு சத்தம்தான் வரும்.

எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணியே ஆகணும்னு அடம்பிடிக்க நான் வரல ஐயா. 2015 டிசம்பர் வெள்ளத்துல தண்ணில ஊறின பெட்டிங்களை நம்ம ஊர்ல எத்தனை பேர் பாத்தோம், எம்டிஎஃப் உப்பி, ஸ்க்ரூ பிடிக்காம, கோன் கூழாகி, அதை எவனாலும் காப்பாத்த முடியாது, குடுத்துடுங்க, ஆனா குப்பைத் தொட்டில இல்ல, மின்கழிவு எடுக்கிறவங்ககிட்ட. எஸ்எம்பிஎஸ் இருக்கிற சப்வூஃபரை நீங்களா திறக்கவும் வேணாம், உள்ள 325 வோல்ட் டிசி பிளக்கை பிடுங்கின அப்புறமும் கெபாசிட்டர்ல நிக்கும், அது மெக்கானிக் வேலை. ஆனா முடியுமா முடியாதாங்கிறதை திறந்து பாத்த மனுஷன் சொல்லட்டும், ஆஃபர் போட்ட ஆப் சொல்லக் கூடாது.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கிறேன் ஐயா. அடுத்து பேச வர்ற எதிரணி தம்பிகிட்ட ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டு சப்வூஃபர்ல ஃபியூஸ் எந்தப் பக்கம் இருக்கு? தெரிஞ்சா வந்து பேசுங்க. தெரியலன்னா வீடு மூணாவது மாடிதானே, ஒரு ஓட்டம் ஓடி பாத்துட்டு வாங்க, நடுவர் அஞ்சு நிமிஷம் குடுப்பாரு.