அறுப்பதற்குத்தானே கத்தி?

நடுவர் அவர்களே, எதிரணியில் பேசி அமர்ந்திருக்கும் சகோதரி அவர்களே, அவையோரே, வணக்கம்.

"சமையலறைக்கு ஏற்ற கத்தி கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?" என்பது தலைப்பு. கார்பன் ஸ்டீல் என்றால் குரோமியம் கலக்காத, இரும்பும் சிறிது கார்பனும் சேர்ந்த உருக்கு. நான் அதன் பக்கம். சகோதரி வைத்த வாதம் இரண்டு. கார்பன் ஸ்டீல் துருப்பிடிக்கும், கறுத்துப்போகும். முதலாவதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் பேசியதெல்லாம் கத்தியைக் கழுவுவதையும் வைப்பதையும் பற்றித்தான். அறுப்பதைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

என் இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது. பளபளவென்று இருந்த ஸ்டெயின்லெஸ் கத்தி, துரு ஒரு பொட்டுகூட இல்லை. பழுத்த தக்காளியின் தோலில் ஏறாமல் வழுக்கியது. அழுத்தினேன். தோல் கிழியவில்லை, விரல் கிழிந்தது. மழுங்கிய கத்திக்குத்தான் பலம் கொடுக்கவேண்டும்; பலம் கொடுக்கும்போதுதான் கை தவறும்.

தீட்டியிருக்கலாமே என்பீர்கள். தீட்டினேன் ஐயா! சாணைக்கல்லில் ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும், விரலை வைத்தால் நெருடும். அந்தப் பிசிறு உதிர்ந்தால்தான் கூர். என் ஸ்டெயின்லெஸ் கத்தியில் அது இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் தேய்த்தால் இந்தப் பக்கம் சாயும். அரை மணி நேரம் போனதுதான் மிச்சம். கார்பன் ஸ்டீல் கத்தி வாங்கிய அன்று அதே கல்லில், அதே கையால் தீட்டினேன். லேசாக நாலு இழுப்பு, பிசிறு போய்விட்டது. என் கையில் குறை இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

காரணம் உலோகத்திலேயே இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் என்று பெயர் பெறக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிந்து துருவைத் தடுப்பது அந்தக் குரோமியம்தான். அதே குரோமியம் உள்ளே கார்பனோடு சேர்ந்து கெட்டியான துகள்களாகவும் உட்கார்ந்துகொள்கிறது. கல்லோடு மல்லுக்கு நிற்பவை அந்தத் துகள்கள். போதாததற்கு, பரவலாக விற்கும் ஸ்டெயின்லெஸ் சமையல் கத்திகளின் கடினம், அதை அளக்கும் ராக்வெல் என்ற அளவுகோலில், 54 முதல் 58 வரைதான். நல்ல கார்பன் ஸ்டீல் 60-ஐத் தாண்டும். கடினம் இருந்தால் விளிம்பை மெல்லியதாகத் தீட்டலாம், மடங்காமல் நிற்கும். துருப்பிடிக்காமையும் கடினமும் கூடிய உயர்ரக ஸ்டெயின்லெஸ் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இழுப்பறையில் கிடப்பது அது இல்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிறந்த கதையையும் பாருங்கள். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி என்ற உலோகவியலாளர் தேடியது கத்திக்கான உருக்கு இல்லை. துப்பாக்கிக் குழல் அரிக்காமலிருக்க ஓர் உருக்கு. கிடைத்தது அரிக்காத உருக்கு. கத்திக்கு ஆகுமே என்ற யோசனை பிறகு வந்தது. அரிக்காமல் இருப்பதுதான் அதன் பிறவிக்குணம், அறுப்பது அதற்குப் பின்னால் கற்றுக்கொண்டது.

இனி அந்தக் கறுப்பு. சகோதரி அதை அழுக்கு என்றார். இல்லை. வெங்காயமும் தக்காளியும் பட்டுப் பட்டு, முதலில் வைக்கோல் நிறம், பிறகு மயில் கழுத்து நீலம், கடைசியில் சாம்பல் கறுப்பு என்று அலகில் படியும் இரும்பின் படலம் அது. செந்துரு பொருபொருவென்று உதிரும், அடியில் தின்றுகொண்டே போகும். இந்தக் கருமையோ இறுகப் பற்றிக்கொண்டு செந்துருவைத் தாமதப்படுத்தும். புதுக்கத்தியில் சில நாள் எலுமிச்சை அறுத்தால் இரும்பு வாடை வரும், உண்மை. கருமை படியப் படிய அது அடங்கிவிடும்.

இரவெல்லாம் தொட்டியில் ஊறப்போடும் பழக்கம் உள்ளவர்கள் கார்பன் ஸ்டீல் வாங்கவேண்டாம், நானே சொல்கிறேன். மற்றவர்களிடம் அது கேட்பது என்ன? அறுத்து முடித்ததும் கழுவி, உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. பல நாள் எடுக்கப்போவதில்லை என்றால் ஒரு சொட்டு எண்ணெய். பத்து விநாடி வேலை. இந்தப் பத்து விநாடியை மிச்சம் பிடிக்கத்தான் நாள்தோறும் மழுங்கிய கத்தியோடு போராடுகிறோம். அறுப்பவர் கைவலி யார் கணக்கில் எழுதுவது?

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். எட்டு ஆண்டாகப் புழங்கும் என் கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, நடுவர் அவர்களே, உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு தக்காளி, நன்றாகப் பழுத்தது. தீர்ப்புக்கு முன்னால் ஒருமுறை அறுத்துப் பாருங்கள். அழுத்தவேண்டாம், இழுத்தால் போதும். அறுத்ததும் அந்தத் துணியாலேயே துடைத்து வைத்துவிடுங்கள். வணக்கம்.