தோத்தவர் எழுந்திருக்கணும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மெரினாவை விட்டுட்டு இந்த மண்டபத்துல வந்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"சென்னையின் கீக் கூட்டத்தை உருவாக்கியது ஊரா, இணையமா?" இதுதான் தலைப்பு. ஊர்தான்னு சொல்ல வந்திருக்கேன். கீக்னா என்னடான்னு முன்வரிசையில இருந்து எங்க அத்தை கையைக் காட்டிக் கேட்கிறாங்க. ஒரே விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு சோறு தண்ணி மறந்து கிடக்கிறவன், அத்தை. வீட்ல என்னைச் சொல்வீங்களே, கிறுக்கன்னு, அதேதான்.

எனக்கு முன்னால பேசின தங்கச்சி ஒரு கேள்வியைப் போட்டுட்டு உட்கார்ந்தாங்க. "நெட் இருந்தா ஒரு கிராமத்துத் திண்ணையில உட்கார்ந்தே எல்லாத்தையும் கத்துக்கலாம். அப்புறம் ஊர் என்ன பெரிய ஊர்?" கத்துக்கலாம் தங்கச்சி, யார் வேணாம்னா? ஆனா கிறுக்கு முத்தணும்னா எதிர்ல இன்னொரு கிறுக்கன் உட்காரணும். ரெண்டு பேருக்கும் உட்கார இடம் வேணும். சென்னையில அந்த இடத்தையெல்லாம் யார் யாரோ வேற எதுக்கோ கட்டினாங்க. நம்ம ஆளுங்க போய்க் குடியேறிட்டாங்க.

நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்தை டிவியில புயல் வந்தா பார்ப்பீங்க. அந்த வளாகத்துக்குள்ள ஒரு கருங்கல் தூண் நிக்குது. 1792ல கிழக்கிந்தியக் கம்பெனி கட்டின வானாய்வகத்தோட மிச்சம் அது. கப்பலுக்கு வழி தெரியணும், பிடிச்ச நாட்டை அளக்கணும், கம்பெனிக்கு அவ்வளவுதான் கவலை. அங்க சின்ன வயசுலயே வேலைக்குச் சேர்ந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867ல ஆர் ரெடிகுலிங்கிற நட்சத்திரத்தோட வெளிச்சம் கூடிக் குறையுதுன்னு கண்டுபிடிச்சார். அதோட விட்டாரா? தொலைநோக்கி சொல்ற கணக்கும் பழைய வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கும் ஒத்துப் போகலைன்னு திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். 2025ல திருக்கணிதப்படி சனி பெயர்ந்தாச்சு, வாக்கியப்படி அசையவே இல்லைன்னு எங்க வீட்ல ஒரு மாசம் சண்டை. ஆண்ட்ராய்டா ஐபோனாங்கிற சண்டையெல்லாம் இதுக்கு முன்னாடி சும்மா!

ரெண்டாவதா பேசின அண்ணன் ராமானுஜனை இழுத்தார். கும்பகோணத்துல ஒரே ஒரு கணக்குப் புத்தகம், ஜி.எஸ். கார்ங்கிற ஆங்கிலேயர் எழுதினது, அதை வச்சே அவர் மேதையாகலையான்னு கேட்டார். சரி, அந்தப் புத்தகத்தை அந்தக் காலத்து இணையம்னே வச்சுக்குவோம். புத்தகம் திருப்பிக் கேள்வி கேட்குமா? 1912ல மெட்ராஸ் துறைமுகத்துல கணக்குப் பிரிவு குமாஸ்தாவாச் சேர்றார், மாசம் 30 ரூபாய். அங்க மேலதிகாரி நாராயண ஐயர். அவரும் கணக்குப் பைத்தியம்தான், இந்தியக் கணிதச் சங்கத்துக்குப் பொருளாளர் வேற. ஆபீஸ் முடிஞ்சா திருவல்லிக்கேணியில அவர் வீட்டு மாடி, ஆளுக்கொரு சிலேட்டு, ராத்திரி வரைக்கும். "தம்பி, உன் ரெண்டு வரிக்கு நடுவுல பத்து வரியாவது எழுது, அப்பத்தான் எனக்குப் புரியும்"னு கேட்பாராம். அண்ணே, அந்தப் பத்து வரியைக் கேட்கத்தான் ஆள் வேணும். அடுத்த வருஷம் ஜனவரியில இங்கிலாந்துக் கணித மேதை ஹார்டிக்குக் கடிதம் போகுது. துறைமுகம் கட்டினது சரக்கு ஏத்தி இறக்கத்தானே?

மூர் மார்க்கெட்டைப் பத்தி நிறைய பேசலாம், மணி இடம் கொடுக்காது. பழைய புத்தகம் தேடி அலைஞ்ச ஒரு தலைமுறையே அங்கதான் கிடந்தது. 1985ல எரிஞ்சு போச்சு. புறநகர் ரயில் நிலையத்துக்கு இன்னமும் அந்தப் பேர்தான்.

எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வாங்க. காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கெபாசிட்டர் வாங்கப் போனேன். ஆறடி அகலக் கடை, சுவர் பூரா சின்னச் சின்ன டப்பா. கடைக்காரர் கெபாசிட்டரை எடுக்கவே இல்லை. போர்டைக் கொடுன்னு வாங்கினார், ட்யூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பார்த்தார், மல்டிமீட்டர் முனையை ரெண்டு இடத்துல வச்சார், பீப் வரலை. "டிராக் கட் ஆயிருக்கு தம்பி, ஒரு வயர் போட்டு சால்டர் பண்ணு, போ." அஞ்சு காசு வாங்கலை. நான் மூணு நாளா வீடியோ பார்த்துக்கிட்டிருந்தேன் நடுவர் அவர்களே. என் போர்டைச் சாய்ச்சுப் பார்க்க எந்த வீடியோவுக்கும் கையில்லை.

கடைசியா செஸ். பனிப்போர்க் காலம். சோவியத் நாடு தன் புகழ் பாட உலகம் பூரா பண்பாட்டு மையம் திறக்குது, மெட்ராஸ்லயும் ஒண்ணு. அதுக்குள்ள 1972ல, நம்ம நாட்டோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன், சோவியத் செஸ் மேதை மிகைல் தால் பேர்ல தால் செஸ் கிளப்பை ஆரம்பிச்சார். சோவியத் நாடே இப்ப இல்லை. ஆனா அந்தக் கிளப்புக்கு அம்மா சுசீலாகிட்ட ஆட்டம் கத்துக்கிட்ட ஒரு சின்னப் பையன் வந்தான். அங்க பிளிட்ஸ்ங்கிற சில நிமிஷ வேக ஆட்டத்துக்கு ஒரே சட்டம்: ஜெயிச்சவன் உட்கார்ந்திருக்கலாம், தோத்தவன் எழுந்து வரிசைக்குப் பின்னால போகணும். நாற்காலியை விடக் கூடாதுங்கிற வைராக்கியத்துலயே பையனுக்கு வேகம் வந்துடுச்சு. பேர் விஸ்வநாதன் ஆனந்த். 1988ல இந்தியாவோட முதல் கிராண்ட்மாஸ்டர்.

அது பழைய கதை, இப்ப கம்ப்யூட்டர்தானே கத்துக்கொடுக்குதுன்னு எதிரணியில முணுமுணுக்கிறது காதுல விழுது. அப்ப குகேஷைச் சொல்லுங்க. 2024ல 18 வயசுல உலக சாம்பியன். அவரோட பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவும் சென்னைக்காரர், கிராண்ட்மாஸ்டர். பையனை ரொம்ப நாள் செஸ் என்ஜின்ங்கிற கம்ப்யூட்டர் புரோகிராம் பக்கமே விடலை. உன் மூளையால யோசிச்சிட்டு வா, எதிர்ல நான் உட்கார்றேன்னார். திரும்பவும் அதே எதிர் நாற்காலி!

மணியடிச்சுட்டீங்க, புரியுது. தால் கிளப் சட்டப்படி நான் இப்ப போய் உட்கார்றேன் நடுவர் அவர்களே. எழுந்திருக்க வேண்டியவங்க எதிர்ப்பக்கம் இருக்காங்க.