ஆற்றில் போட்டாலும் அளந்து போடுவோம்

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கல்வி நிதி திரட்டுவதற்காகக் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய டத்தோ அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, இடைநிலைப்பள்ளி முதல்வர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, எல்பில், டோவன்பி, ஹீவுட் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஈப்போவில் வேறொரு நிகழ்ச்சி இருந்தும் இங்கே வந்து அமர்ந்திருக்கிறார் டத்தோ. அவருக்குத் தனி நன்றி. மதியத்திலிருந்து அடுப்படியில் நிற்கும் மகளிர் பிரிவுச் சகோதரிகளுக்கும் நன்றி. அவர்கள் பெயர் அழைப்பிதழில் விடுபட்டிருக்கிறது. அடுத்த முறை கட்டாயம் அச்சில் வர வேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கு முந்திய ஆண்டுகள், முடிவு வந்ததற்குப் பிந்திய வாரங்கள், ஆறாம் படிவம், பல்கலைக்கழக விடுதியின் முதல் ஆண்டு. நான்குக்கும் அடியில் ஒரே பழமொழிதான்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. இந்த ஊரில் கொடுக்கும் மனத்துக்குப் பஞ்சமில்லை. 1954-இல் மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளியை எழுப்பிய ஊர் இது. எங்கே கொடுப்பது, எப்போது கொடுப்பது என்ற அளவைத்தான் நாம் தவறவிடுகிறோம்.

முதலில் அந்த முந்திய ஆண்டுகள். 2021-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டான மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 தேர்வும் போனது. ஆக, நம் பிள்ளை முதன்முதலாகச் சந்திக்கும் நாடு தழுவிய பெருந்தேர்வு எஸ்.பி.எம்.தான். அதுவரை பலவீனம் எங்கே என்று வீட்டுக்குத் தெரிவதில்லை. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லையென்றால், மற்ற பாடங்களில் எத்தனை ஏ வாங்கினாலும் சான்றிதழே கிடையாது. வரலாற்றுக்கு இந்த விதி 2013-இல் வந்தது. நாமோ டியூஷன் என்றாலே கணக்கும் அறிவியலும்தான் வைக்கிறோம். தொண்டூழியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: மூன்றாம் படிவத்திலேயே மலாய்க் கட்டுரையையும் வரலாற்றையும் கையில் எடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பல்கலைக்கழக இடத்துக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாடம். சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு, அதில் வகித்த பொறுப்பு, வருகை எல்லாமே அந்தப் பத்தில் அடக்கம். புறப்பாட நடவடிக்கைகள் பிற்பகலில் நடக்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு மதியம் ஒரே பஸ். அதை விட்டால் வீட்டுக்கு வழியில்லை என்று பெண்பிள்ளைகளை யாரும் தங்கவிடுவதில்லை. ஐந்தாண்டு இப்படியே ஓடினால், அறிவில் ஒரு குறையும் இல்லாத பிள்ளை அந்தப் பத்துப் புள்ளியில் பாதியை இழந்து நிற்கிறது. மாலை ஐந்து மணிக்குப் பள்ளி வாசலில் ஒரு வேன் நின்றால் தீர்ந்துபோகும் காரியம் இது. நூறு கேடயம் அடிக்கும் பணத்தை டீசலுக்கு ஊற்றலாமே! ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டாமா?

அடுத்தது, முடிவு வந்ததற்குப் பிந்திய வாரங்கள். இந்த வட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். செம்பனைக் குலை வெட்டும் குடும்பம். மகளுக்கு எஸ்.பி.எம்.மில் நல்ல முடிவு. மூன்றாம் நாள் வாசலில் ஒரு கார். கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ஒருவர், ஒரு தனியார் கல்லூரியின் பெயர் போட்ட பையோடும் குடையோடும் வந்து இறங்கினார். அம்மா காப்பி கலந்தார், முறுக்கு வந்தது, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் பதிவுக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. மிச்சத்தையெல்லாம் லோன் பார்த்துக்கொள்ளும்” என்றார் இளைஞர். அப்பா பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

மூலையில் ஒரு பாட்டி. முப்பது வருஷம் ரப்பர் பால்மரம் சீவிய கை. “தம்பி, இந்தப் படிப்பு எத்தனை வருஷம்?” என்று கேட்டார். “மூன்று வருஷம் பாட்டி.” “கடன் எவ்வளவு வரும்?” “அது பிறகு ஆபீசில் சொல்வார்கள் பாட்டி.” “கவர்மெண்டு இந்தப் படிப்பை ஒத்துக்கிச்சா?” தம்பி காப்பியைக் குடித்தார். பாட்டி விடவில்லை. “மாடு வாங்கப் போனாலே பல்லைப் பிடிச்சுப் பார்ப்போம். நீ பையைக் காட்டுற, குடையைக் காட்டுற. பல்லைக் காட்ட மாட்டேங்கிறியே தம்பி!” என்றார். (கைதட்டல்)

அப்பா பேனாவை மூடி வைத்தார். பேத்தி கைப்பேசியை எடுத்து, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. அமைப்பின் தகுதிப் பதிவேட்டில் அந்தக் கல்லூரியின் பெயரைத் தட்டினாள். கல்லூரி இருந்தது, அந்தப் படிப்பு இல்லை. எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடன் கிடையாது. கையெழுத்துப் போட்டிருந்தால் முழுக் கட்டணமும் குலை வெட்டும் கையிலிருந்துதான் போயிருக்கும். இளைஞர் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். முறுக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினார் பாட்டி. (சிரிப்பு)

எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பாட்டி இருக்கமாட்டார். அந்த இடத்தில் தொண்டூழியர் உட்கார வேண்டும். என்னென்ன தவறுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயம்தான். அரசு உயர்கல்விக் கூடங்களில் இடம் கேட்கும் யு.பி.யு. விண்ணப்பத்தில் பள்ளி கொடுத்த மின்னஞ்சலைப் போட்டுவிடுவார்கள். பள்ளியை விட்டபின் அது திறக்காது. பிரிபெய்டு எண்ணை மாற்றிவிடுவார்கள். நேர்முகத் தேர்வு அறிவிப்பு பழைய எண்ணுக்குப் போகும். பன்னிரண்டு தெரிவு வரை கொடுக்கலாம் என்றிருக்க, மூன்றோடு நிறுத்திவிட்டு, மூன்றும் கைநழுவியபின் அழுவார்கள். முடிவு வந்ததும் விண்ணப்பத்தைத் திருத்தக் கிடைக்கும் நாள்கள் கொஞ்சம். பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆயத்தப் படிப்பான மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பமோ முடிவு வருமுன்பே திறந்துவிடும். பக்கத்தில் கோப்பெங்கிலேயே அதற்கான கல்லூரி இருக்கிறது. ஈப்போவில் உங்கு ஓமார் போலிடெக்னிக் 1969 முதல் இருக்கிறது. பருவத்துக்கு 200 வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம்.

பி.டி.பி.டி.என். கடனுக்கு முன் பிள்ளை பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். வருமானம் குறைந்தோருக்கான அரசின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறும் குடும்பமாகப் பதிவாகியிருந்தால் கடன் முழு அளவில் கிடைக்கும். நாள்கூலிக்குப் போகும் அப்பா எஸ்.டி.ஆர்.-க்கு மனுப் போடவில்லையென்றால் அடிபடுவது மகள். அரசு உயர்கல்விக் கூடத்தில் இடம் கிடைத்த வசதி குறைந்த பிள்ளைக்கு 1,500 வெள்ளி வரை கடனிலிருந்து முன்பணமும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் தாலியை அடகு வைத்த வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. பெரியோர்களே, அந்த வாரங்களில் பஸ் செலவுக்கும் மெத்தை, வாளி, காலணிக்கும் கொடுக்கும் முந்நூறு வெள்ளி, மேடையில் பெரிய அட்டைக் காசோலையாகப் பிடித்துக் காட்டும் மூவாயிரத்தைவிடப் பெரிது. அளந்து போடுங்கள்.

இப்போது என் மனத்துக்கு மிக நெருக்கமான பொருளுக்கு வருகிறேன். ஆறாம் படிவம், அதில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு.

நம் சமூகம் இதைக் கைவிட்டுக்கொண்டு வருகிறது. “எஸ்.டி.பி.எம். கஷ்டம்” என்று ஒரு வார்த்தை போதும், வீடே பின்வாங்கிவிடுகிறது. கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2012 முதல் அது மூன்று பருவங்களாகப் பிரிந்த தேர்வு. ஒரு பருவத்தில் சறுக்கினால் அந்தத் தாளை மறுபடி எழுதலாம். அரசுப் பள்ளியிலேயே படிப்பு, வீட்டுச் சாப்பாடு. ஒன்றரை ஆண்டில் நேரே பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், அதுவரை ஒரு காசு கல்விக் கடன் இல்லை. தமிழையே ஒரு பாடமாக எடுக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. வசதியில்லாத வீட்டுக்கு இதைவிட மலிவான, மரியாதையான பாதை இந்த நாட்டில் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள்? முதல் பருவத்தில். எஸ்.பி.எம். கணிதத்திலிருந்து எஸ்.டி.பி.எம். கணிதத்துக்கு ஏறும் படி உயரம். முதல் இரண்டு மாதத்தில் பக்கத்தில் உட்கார ஆள் இருந்தால் தாண்டிவிடுவார்கள். பொதுப் பாடத்தாளுக்கு நாள்தோறும் நாளிதழ் வாசித்தாக வேண்டும். பல்கலைக்கழக நுழைவுக்கான மூயெட் ஆங்கிலத் தேர்வைக் கடைசிப் பருவம் வரை தள்ளிப்போட்டால், மறுமுறை எழுத நாள் இருக்காது. இதற்கெல்லாம் வேண்டியது ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர், பல்கலைக்கழக விடுமுறையில் ஊருக்கு வரும் பிள்ளைகள் நால்வர், இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் ஓர் அறை. இந்த மண்டபத்தின் பின்னறையைத் தலைவர் ஐயா தருவார் என்று நம்புகிறேன். (ஆலயத் தலைவர் தலையசைக்கிறார், கைதட்டல்)

பணம் எங்கே என்று கேட்பீர்கள். இந்த மண்ணில் பிறந்தவர் முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அதே பத்து வெள்ளியைத்தான் நான் கேட்கிறேன். இருநூறு குடும்பம், மாதம் பத்து வெள்ளி, மாதத்துக்கு 2,000. வேன் டீசல், ஓட்டுநர் சம்பளம், பின்னறை விளக்கு, அச்சு இயந்திரத்துக்கு மை. கணக்கை மாதந்தோறும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், கண்டிப்பாக.

விடுதி வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். டத்தோ அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் பேச வேண்டிய நேரம். அதை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

வாசலருகே இரண்டு மேசைகள் இருக்கின்றன. இடப்பக்கம் மாதப் பத்து வெள்ளிப் படிவம். வலப்பக்கம் தொண்டூழியர் பெயர்ப் பதிவு: எந்தப் பாடம், எந்த மாலை என்று எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டுவதற்கு, பயணிகள் வாகனத்துக்கான பி.எஸ்.வி. உரிமம் வேண்டும். அந்த உரிமம் உள்ள அண்ணன்மார் யாராவது இருந்தால், சாப்பிடப் போகுமுன் என்னை வந்து பாருங்கள். நன்றி, வணக்கம்.