பவுடர் டப்பாவில் கிடந்த நூல்

நடுவர் அவர்களே, எதிரணி அறிஞர்களே, காட்டு வேலையை முடித்துக் கைகால் கழுவிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் கோபி வட்டாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வெள்ளையர் ஆட்சியில் நம் மக்கள் கண்ட போர்க்கால வாழ்வை நமக்கு உணர்த்துவது வரலாற்று நூலா, வரலாற்று நாவலா என்பது கேள்வி. நாவலே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய ஐயா, "நாவலாசிரியர் நடக்காததை எழுதுகிறவர், அவரை நம்பி வரலாறு படிக்கலாமா?" என்று கேட்டார், கைதட்டலும் வாங்கினார். ஐயா, தேதி வேண்டுமென்றால் நானும் உங்கள் அலமாரிக்குத்தான் வருவேன். ஆனால் இன்றைய கேள்வி தேதியைப் பற்றியதன்று.

என் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், சென்னிமலைக்காரர், தறிக்காரர் வீட்டுப் பெண். அவர் தலைமாட்டில் எப்போதும் ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கும். அவர் காலமான பிறகு அதைத் திறந்து பார்த்தோம். காசில்லை, நகையில்லை. விரல் நீளம், சாண் நீளம் என அறுந்த நூல் துண்டுகள்! ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, சிறு உருண்டைகளாகச் சுற்றி வைத்திருந்தார். முடிச்சுகள் கடுகைவிடச் சிறியவை, விரலால் தடவினால்தான் தெரியும். அப்போது எனக்கு எட்டு வயது. என் அம்மா அவற்றைக் குப்பையோடு கூட்டித் தள்ளினார். ஏன் சேர்த்து வைத்தார் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை.

பிற்பாடு கல்லூரியில் வரலாறு படித்தேன். 1943-இல் அரசு பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணையைக் கொண்டுவந்தது என்று ஒரே ஒரு வரி. இரண்டாம் உலகப் போரின் தேவைக்கு ஆலைகள் ஓடின, நூல் விலை ஏறியது, கைத்தறிக்காரன் பாவு ஓட்ட நூலில்லாமல் தவித்தான். படித்தேன், தேர்வில் எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த வரியையும் டப்பாவையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அறுந்த இழையைக்கூட எறிய மனம் வராத அந்தப் பயம், போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் ஒரு கிழவியின் விரல்களில் இருந்திருக்கிறது. ஆணையின் எண் கோப்பில் இருக்கும், நடுவர் அவர்களே. அந்தப் பயத்துக்குக் கோப்பு ஏது?

இன்னொன்று. 1942 ஆகஸ்டில் சூலூர் விமான தளத்துக்கு நம் தியாகிகள் தீ வைத்தார்கள். கோவை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வரலாறு அவர்களை ஒரு பக்கத்தில் வைக்கிறது, போரால் பிழைப்பு நடத்தியவர்களை வேறொரு பக்கத்தில் வைக்கிறது. வாழ்க்கை அப்படிப் பக்கம் பிரித்தா நடந்தது? அதே தளத்தில் பகலில் மண் சுமந்து கூலி வாங்கிய ஒருவன், இரவில் தீப்பந்தம் போகும் வழியைப் பார்த்தும் பார்க்காதவன்போலத் திண்ணையில் படுத்திருக்கலாம். மறுநாள் காலை போலீஸ் கேட்டால் என்ன சொல்லியிருப்பான்? கூலி போய்விட்டதே என்று அவன் மனைவி அழுதிருப்பாளா, மகிழ்ந்திருப்பாளா? சாட்சியம் இல்லாத இடத்தில் வரலாற்றாசிரியர் நின்றுவிட வேண்டும், அது அவருடைய நேர்மை. நாவலாசிரியர் அந்தத் திண்ணைக்குப் போய் உட்கார வேண்டும், அது இவருடைய கடமை.

ப. சிங்காரம் அப்படி உட்கார்ந்தவர். சிங்கம்புணரியில் பிறந்து, பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் போய், ஜப்பான் ஆட்சியை நேரில் பார்த்தவர். போர் 1945-இல் முடிந்தது, அவருடைய 'புயலிலே ஒரு தோணி' அச்சேறியது 1972-இல். அதில் வரும் பாண்டியன் வட்டிக்கடைப் பணியாள், பிறகு நேதாஜி படை வீரன். கடல் கடந்த நாட்டில், போரின் நடுவே, மதுரைத் தெருக்களை நினைத்து உருகுகிறான். டச்சு ஆட்சி, ஜப்பான் ஆட்சி என்று பாடம் படித்த எனக்கு, அங்கே பிழைக்கப் போன தமிழனின் ஏக்கத்தைக் காட்டியது அந்த நாவல்தான்.

மணி அடிக்கிறது. ஒன்று மட்டும் சொல்லி அமர்கிறேன். சென்னிமலைத் தறிக்குழியையும் சூலூர்த் தீயையும் ஒரே குடும்பத்துக்குள் வைத்து எழுதிய ஒரு நாவலுக்காக நான் காத்திருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் இருக்கும் யாராவது அதை எழுத உட்கார்ந்தால், அம்மிச்சியின் டப்பா இப்போதும் என் வீட்டில் இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன். வணக்கம்.