எந்த சாமிக்கு வேண்டுதல்?

எல்லாருக்கும் வணக்கங்க. நான் குயிலாப்பாளையம், பாண்டிச்சேரி பக்கம் பல நாட்டுக்காரங்க சேந்து வாழற ஆரோவில்ல ஒட்டி இருக்கற ஊரு. இங்க கூலி வாங்காம வேலை செய்ய வர்ற வெளிநாட்டு வாலண்டியருங்கள பத்தி பேசுங்கக்கான்னு இந்த ரேடியோ ஸ்டேஷன்ல இருக்கற தம்பி கூப்பிட்டாரு, நான் வாலண்டியரே இல்லையேப்பா என்னத்த பேசறதுன்னு கேட்டேன், விடல. பதினோரு வருஷம் நர்சரியில மரக்கன்னு வளத்தவ நான், இப்ப மாடியில மூணு ரூம் போட்டு அவங்களுக்குதான் வாடகைக்கு விடறேன். கிட்டத்துல இருந்து பாத்தத சொல்றேன், தப்பா இருந்தா பொறுத்துக்கோங்க.

ஆரோவில்னா எல்லாரும் ஒரு கதை சொல்வாங்க, 1968 பிப்ரவரி 28ம் தேதி தொடக்க விழா, 124 நாட்டுலேர்ந்து ஒவ்வொரு பிடி மண்ணு கொண்டாந்து தாழியில போட்டாங்கன்னு. எங்கம்மா அந்த கதைய கேட்டா சிரிப்பாங்க. அவங்க மண்ண எடுத்துட்டு வந்தாங்க சரி, இங்க இருந்த மண்ணுதான் வருஷா வருஷம் கடலுக்கு போயிட்டு இருந்துச்சேன்னு. நெஜம்தாங்க. அப்ப இங்க பனமரம் விட்டா நெழலே கெடையாது, செம்மண்ணு பொட்டல், ஐப்பசி கார்த்திகையில மழை அடிச்சா ஓடை ஓடையா அரிச்சுக்கிட்டு போயி கரையோரம் கடலே செவப்பாயிடும். அதுக்கப்புறம்தான் வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்களும் எங்க ஊரு ஜனங்களும் சேந்து கரை போட்டு, தடுப்பு கட்டி, கன்னு நட்டாங்க, மொதல்ல சீக்கிரம் வளர்ற கத்தி சவுக்கு, அது நெழல் குடுத்தப்புறம் கீழ கருங்காலி, வீரைன்னு நம்ம மரம். 2011 டிசம்பர் 30ல தானே புயல் வந்தப்ப அந்த சவுக்கெல்லாம் எவ்ளோ சாஞ்சுதுன்னு இந்த பக்கத்து ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், பல மாசம் அறுத்து அடுக்கினோம்.

இப்ப வாலண்டியர் சமாச்சாரத்துக்கு வரேன். முக்கால்வாசி பேரு வர்றது டிசம்பர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள, அவங்க ஊர்ல பனி, இங்க வெயில் இதமா இருக்கும். ஆனா கன்னு நடறதுக்கு ஏத்தது ஐப்பசி மழை. இந்தியாவுக்கு போயி காடு வளக்கப்போறோம்னு வீட்ல சொல்லிட்டு வந்திருப்பாங்க, வந்து எறங்கறப்ப நடவு முடிஞ்சிருக்கும், மிச்சம் இருக்கறது மூடாக்கு போடறது, தண்ணி ஊத்தறது, கரை சரி பண்றதுதான். காஞ்ச எலைய பாண்டு சட்டியில அள்ளி அள்ளி கன்னு அடியில போடணும். போட்டோவுல நல்லா வராத வேலைங்க அது. மொத வாரத்துலயே மூஞ்சி சுருங்கிடும் சில பேருக்கு, எனக்கு அத பாத்தாலே தெரிஞ்சிடும், இது பத்து நாள் கேஸ்னு.

சில வருஷம் முன்னாடி ஒரு ஜெர்மனி பொண்ணு, ஸ்கூல் முடிச்ச கையோட வந்துச்சு, பதினெட்டு வயசுதான். வெல்ட்வேர்ட்ஸ்னு அவங்க கவர்மென்ட் உதவியில நடக்கற திட்டம் ஒண்ணு இருக்கு, 2008லேர்ந்து, 18லேர்ந்து 28 வயசு வரைக்கும் உள்ள பசங்கள பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு அனுப்பறாங்க. அந்த பொண்ணு மம்முட்டி புடிச்சத பாத்து எங்கம்மா வேலைய நிறுத்திட்டு இடுப்புல கை வச்சு நின்னுட்டாங்க. நேரா நின்னுக்கிட்டு கால் வெரலுக்கு பக்கத்துல போடுது, கொஞ்சம் தப்புனா வெரல் போயிடும். அம்மா போயி கைய புடிச்சு, கால அகட்டி வைம்மா, குனி, மம்முட்டி தானா விழணும், நீ அமுக்காதன்னு தமிழ்லயே சொல்லிக்குடுத்தாங்க. புரிஞ்சுதோ இல்லையோ, மதியத்துக்குள்ள பழகிக்கிச்சு, உள்ளங்கையில நாலு கொப்பளம் வேற.

அன்னிக்கு வேப்பமரத்தடியில உக்காந்து சாப்பிடறப்பதான் அம்மா என்கிட்ட கேட்டாங்க, இந்த பொண்ணுக்கு என்ன கூலின்னு. கூலி இல்லம்மா, சும்மா செய்யுது, அதுவா ஆசப்பட்டு வந்திருக்குன்னேன். அம்மா கொஞ்ச நேரம் மென்னுக்கிட்டே இருந்துட்டு, ஓ, வேண்டுதலா, எந்த சாமிக்குன்னாங்க. நான் சிரிச்சிட்டேன், அந்த பொண்ணு என்னன்னு கேட்டுச்சு, மொழிபெயர்த்து சொன்னேன். அது சிரிக்கல. ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, இருக்கலாம், எனக்கே எந்த சாமின்னு தெரியலன்னு சொல்லுச்சு. அப்புறம் அதுவே திருப்பி கேட்டுச்சு, உங்கம்மா எத்தன வருஷமா இந்த வேலை செய்யறாங்கன்னு. முப்பது வருஷத்துக்கு மேலன்னேன். தலைமேல கொடம் வச்சு கன்னுக்கு கன்னு தண்ணி ஊத்தினவங்கன்னேன். அப்ப ஏன் ஒரு இடத்துலயும் அவங்க போட்டோ இல்லன்னுச்சு. அதுக்கு என்கிட்ட பதில் இல்லங்க, இப்பவும் இல்ல. அதே எல, அதே பாண்டு சட்டி, ஒருத்தர் வாலண்டியர், ஒருத்தர் கூலி ஆள். கூலி வாங்கறது கேவலம்னு நான் சொல்லல, அந்த கூலியிலதான் நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சேன். ஆனா கேள்வி சரியான கேள்விதான்.

அன்றாடம்னு கேட்டீங்கன்னா, மொத மூணு வாரம் அவங்க நமக்கு வேலை செய்யறதில்ல, நாமதான் அவங்களுக்கு செய்யறோம். பக்கெட்டும் மக்கும் வச்சு குளிக்கறது எப்படின்னு சொல்லணும், கொசுவல கட்டித்தரணும். ரெண்டாவது வாரம் கண்டிப்பா வயிறு கெடும், ஓஆர்எஸ் பொட்டலமும் கஞ்சியும் ரெடியா வச்சிருப்பேன். வாடகை ஸ்கூட்டி எடுப்பாங்க, எறங்கறப்ப சைலன்சர்ல கெண்டைக்கால் பட்டு ரூபா நாணயம் சைசுக்கு சுட்டுக்கும், பாதி பேருக்காவது அந்த தழும்பு இருக்கும், பழைய வாலண்டியர இத வச்சே கண்டுபுடிக்கலாம்! இன்னொண்ணு, இங்க இப்ப பொட்டிக்கடையில கூட க்யூஆர் கோடுதான், இவங்க ஃபோன்ல ஜிபே கெடையாது. ஒரு வாழப்பழத்துக்கு ஐநூறு ரூபா நோட்ட நீட்டிக்கிட்டு நிப்பாங்க, கடைக்கார அண்ணன் சில்லறை இல்லன்னு என் கணக்குல எழுதிடுவாரு. மாசக் கடைசியில என் பேர்ல இருக்கற வாழப்பழத்த எண்ணினா ஒரு தாரு வரும்.

ரூம் விடறவங்களுக்கு இன்னொரு தலவலி, ஃபார்ம் சின்னு நாங்க சொல்ற பதிவு. வெளிநாட்டுக்காரங்க நம்ம வீட்ல தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல ஏத்திடணும், பாஸ்போர்ட், விசா, எங்கேர்ந்து வந்தாங்க எங்க போறாங்க எல்லாம். 180 நாளுக்கு மேல தங்கற விசாவா இருந்தா, பெரும்பாலும் வந்த 14 நாளுக்குள்ள அவங்களும் தனியா பதியணும். ஒரு தடவ புயல் நேரத்துல ரெண்டு நாளா கரன்ட்டு இல்ல, லேட்டாயிடுச்சு, அதுக்கு நான் போயி நின்னு வெளக்கம் எழுதிக்குடுத்துட்டு வந்த கதைய தனி நிகழ்ச்சியா வச்சா கூட முடியாது, விடுங்க.

வயசானவங்களும் வருவாங்க. ஒரு அமெரிக்கா அம்மா, 67 வயசு, நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இந்த வெயிலும் மண்ணும்னு கேட்டேன். அவங்கதான் லில்லியன் கார்ட்டர பத்தி சொன்னாங்க, அமெரிக்கா ஜனாதிபதியா இருந்த ஜிம்மி கார்ட்டரோட அம்மா, அவங்களும் நர்ஸு, பையன் ஜனாதிபதி ஆகறதுக்கு ரொம்ப முன்னாடியே 1966ல பீஸ் கோர்னு அமெரிக்கா கவர்மென்ட் வெளிநாட்டுக்கு வாலண்டியர் அனுப்பற அமைப்புல சேந்து 68 வயசுல பம்பாய் பக்கம் விக்ரோலியில வந்து வேலை செஞ்சிருக்காங்களாம். அவங்கள விட நான் ஒரு வயசு சின்னவன்னு சொல்லிட்டு அந்த அம்மா மூடாக்கு போட போயிட்டாங்க. மத்தியானம் வந்து மூட்டு வலின்னு படுத்தது வேற விஷயம்.

ஒண்ணு மட்டும் கொஞ்சம் கறாரா சொல்லுவேன். சாயங்கால டியூஷன்ல பாடம் எடுக்கறேன்னு மூணு வாரத்துக்கு வருவாங்க, பாட்டு, டான்ஸு, சாக்லேட்டு. பசங்க ஒட்டிக்கும். கெளம்பற அன்னிக்கு ரெண்டு பக்கமும் அழுவ. அடுத்த வாரம் இன்னொருத்தர், மறுபடியும் வாட் ஈஸ் யுவர் நேம்லேர்ந்து. எங்க அக்கா பொண்ணு ஏழு வயசுல எங்கிட்ட கேட்டா, சித்தி, இந்த அக்கா எப்ப போவான்னு, வந்த மொத நாளே கேக்கறா. அதுலேர்ந்து கொஞ்ச நாளைக்கு வர்றவங்க யாரு கேட்டாலும் சொல்லிடறேன், பசங்ககிட்ட போகாதீங்க, மரத்துகிட்ட போங்க, மரம் அழாது. ஆறு மாசம் இருப்பீங்கன்னா வாங்க, பேசலாம்.

இருந்தவங்களுக்குதான் ஊரு புடிபடும். ஆடி மாசம் கூழ் ஊத்தறப்ப விடிகாலை நாலு மணிக்கே ஸ்பீக்கர்ல எல்.ஆர்.ஈஸ்வரி ஆரம்பிச்சிடுவாங்க, மொத வருஷம் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு என் கதவ தட்டுவாங்க, நிறுத்த சொல்லுங்கன்னு. நான் எங்க போயி நிறுத்த? அந்த ஜெர்மனி பொண்ணும் தட்டுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு லீவுக்கு திரும்பி வந்துச்சு, அதுவும் ஆடியிலதான். நாலு மணிக்கு பாட்டு கேட்டதும் நான் பயந்துக்கிட்டே மாடிக்கு போறேன், ரூம்ல ஆள காணோம். கோயில்கிட்ட எங்கம்மாவோட நின்னு பெரிய கரண்டியால கூழ் கிண்டிக்கிட்டு இருக்கு, கால அகட்டி வச்சு குனிஞ்சுதான். அம்மா பக்கத்து வீட்டு அத்தைகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அதுக்கு ஏதோ வேண்டுதலாம், கேக்காத.

சரிங்க, நேரமாயிடுச்சுன்னு தம்பி கைய காட்டறாரு. இன்னிக்கு ராத்திரி சென்னை பஸ்ல ஒரு ஸ்பெயின் பையன் வர்றான், நான்தான் போயி கதவு தெறக்கணும். ஃபார்ம் சி வேற இருக்கு. வரேங்க.