ஆலையை மூடுவேன் என்கிற வேட்பாளரிடம்

பெரியோர்களே, தாய்மார்களே, முதன்முறை ஓட்டுப் போடப் போகிற தம்பி தங்கைகளே, வணக்கம்.

நம் கடலூர் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. தலைவர் பதவிக்கு ஆசைப்படுகிறவர்களின் பேச்சு மட்டும் ஓயவே இல்லை. பச்சையாங்குப்பத்தில் தொடங்கி குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று சங்கொலிக்குப்பம் வரை எங்கே போனாலும், "நான் வந்தால் சிப்காட் தொழிற்பேட்டை ஆலையை மூடிக் காட்டுகிறேன்" என்கிறார்கள். கைதட்டல் வாங்கித் தரும் பேச்சுதான். தட்டுவதற்கு முன்னால், "எந்தச் சட்டப்படி, யார் கையெழுத்தில் மூடுவீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஊராட்சித் தலைவருக்கு ஆலையை மூடும் அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவும், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவும்தான் மூடச் சொல்லவும், மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லவும் வாரியத்துக்கு இடம் தருகின்றன. தலைவர் செய்யக்கூடியது வேறு: வாரியம் தட்டிக் கழிக்க முடியாத அளவுக்கு ஆதாரத்தைச் சேர்த்துக் கொடுப்பது. ஆகவே வேட்பாளரின் சுற்றுச்சூழல் கொள்கையை அளக்க நினைத்தால், ஆதாரம் சேர்க்கத் தெரியுமா என்று பாருங்கள்.

நாற்றத்தை எடுத்துக்கொள்வோம். "ராத்திரி நாறுகிறது" என்று மனு கொடுத்தால் அது கோப்பில் தூங்கும். தேதி, தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, என்ன மாதிரி வாடை, கண் எரிந்ததா, இருமல் வந்ததா என்று தெருவுக்கு ஒரு நோட்டில் எழுதி வந்தால் கதை மாறும். அழுகிய முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. அழுகிய முட்டைக்கோஸ் போல என்றால் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம். நகப்பூச்சு வாடை என்றால் கரைப்பான். காற்றின் திசையும் நேரமும் சேர்ந்தால், எந்த ஆலையில் எந்த ஷிப்டில் திறந்துவிடுகிறார்கள் என்று குறுக்கிப் பிடிக்கலாம். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடின் அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று நிம்மதியாக உட்காரும் நேரம்தான் உயிருக்கு மோசமான நேரமாக இருக்கலாம்.

இது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தையும் அல்ல. 2004இலேயே இந்தச் சுற்று ஊர்களின் மக்கள் வாளியை வைத்துக் காற்று மாதிரி எடுத்தார்கள். மூடிய வாளிக்குள் ஒரு பிரத்தியேகப் பை. வாளிக் காற்றைப் பம்பு வெளியே இழுக்க, வெளிக்காற்று குழாய் வழியாகப் பைக்குள் புகும். பை நேராக ஆய்வகத்துக்குப் போகும். இந்த வரலாறே தெரியாமல் இங்கே ஓட்டுக் கேட்கிறவர், பக்கத்து வீட்டுக்காரரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்தது நிலத்தடி நீர். வேட்பாளர்களுக்குப் பிடித்த கருவி டிடிஎஸ் மீட்டர். தண்ணீரில் விட்டவுடன் எண் காட்டும், படமும் எடுக்கலாம். அந்த எண் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவை மட்டும் சொல்லும். இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000 வரை. ஆனால் ஈயத்துக்கு அதே தரநிலை வைத்திருக்கும் வரம்பு 0.01 மில்லிகிராம். அது மீட்டரில் தெரியவே தெரியாது. பென்சீன் என்கிற ரசாயனமும் அப்படித்தான். மீட்டர் 400 காட்டும், தண்ணீர் விஷமாக இருக்கும்.

மாதிரி எடுப்பதிலும் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கைபம்பை ஐந்து, பத்து நிமிடம் அடித்துக் குழாயில் தேங்கிய பழைய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். புதிய பாலித்தீன் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும். குளிர்பான பாட்டில் கூடாது. உலோகத்துக்கென்றால் தனி பாட்டில், அதில் நைட்ரிக் அமிலம் சில துளிகள் விட்டு அமிலத்தன்மை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அறிக்கையில் 'இல்லை' என்று வரும். பென்சீன் போல ஆவியாகும் பொருளுக்குக் கண்ணாடிக் குப்பி, காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்கு அமிலமும் கூடாது, அலசவும் கூடாது: கிருமி நீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டி, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் உண்டு. எந்தக் கிணறு, எந்த மாதம், என்னென்ன சோதனை என்று அட்டவணை போட்டுத் தருகிறவருக்கும் "தூய குடிநீர் தருவேன்" என்கிறவருக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

சேர்த்த ஆதாரம் கிராம சபைக்கு வர வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் செல்லும். 3001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். இங்கே நடக்கும் பெரிய கோளாறு, வருகைக் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு சாவகாசமாக எழுதுவது. படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'மாசைத் தடுக்க வேண்டும்' என்ற பொத்தாம்பொதுவான தீர்மானம் யாரையும் ஒன்றும் செய்யாது. ஆலையின் பெயர், சர்வே எண், நாள், ஆய்வக எண், எந்தப் பிரிவில் என்ன நடவடிக்கை கேட்கிறோம் என்று எழுத வேண்டும். நகல் தரவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முப்பது நாள் கெடு. அந்தத் தீர்மானம் வாரியத்தைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்க சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது அது சாட்சி. அங்கேயும் காலக்கெடு உண்டு: பிரச்சினைக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு, இழப்பீடு என்றால் ஐந்து ஆண்டுக்குள்.

விபத்து பற்றியும் கேட்க வேண்டும். 2025 மே மாதம் குடிகாட்டில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து வீடுகளுக்குள் பாய்ந்தது நினைவிருக்கும். வாயு கசிந்தால் காற்று வீசும் திசையிலேயே ஓடக் கூடாது, காற்றுக்குக் குறுக்காக நடக்க வேண்டும், ஈரத்துணியால் மூக்கை மூட வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? அபாயச் சங்கு எங்கே, ராத்திரி இரண்டு மணிக்கு அதை ஊதுகிறவர் யார், படுத்த படுக்கையாக இருப்பவர்களை எந்த வண்டியில் ஏற்றுவது? மாவட்ட ஆட்சியரிடம் ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் நம் ஊர்ப் பக்கத்தைத் தமிழில் வாங்கி ஊராட்சிச் சுவரில் ஒட்ட, தலைவருக்கு யார் அனுமதியும் தேவையில்லை.

குப்பை பற்றி நீட்டவில்லை. அள்ளுகிறவரைப் பற்றிக் கேளுங்கள்: கையுறை, காலணி, வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு உண்டா? பாதுகாப்புக் கவசம் இல்லாமல் கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவுநீர் லாரியை அழைக்க 14420 என்ற எண் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2023இல், அப்படி இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை முப்பது லட்சம் ரூபாய் என்று உயர்த்தியது. "நம்ம ஆளுதான், இறங்கிடுவான்" என்று சொல்லும் வேட்பாளருக்கு வேறு பரீட்சை வைக்க வேண்டாம்.

கடைசியாக நாற்காலி விஷயம். 2020இல் நம் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில், தலித் பெண் தலைவரை ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் நாடெங்கும் போனது. பாதி இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. துணைத் தலைவர் கையெழுத்தை இழுத்தடித்தால் போதும். தண்ணீர்ச் சோதனைக் கட்டணமும் நிற்கும், தெருவிளக்கும் நிற்கும். தலைவருக்கு நிற்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வார்டு உறுப்பினரை விட்டுவிடாதீர்கள், அவர்களில் ஒருவர்தான் துணைத் தலைவர் ஆகப்போகிறார். "ஒரு தலித் பெண் தலைவராக வந்தால் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காசோலையில் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று தெருவில் நாலு பேர் முன்னிலையில் கேளுங்கள். பிறகு அவர் மறுத்தால், ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர்தான். எந்தச் செலவுக்கான காசோலை, எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று எழுதி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.