ஒரு சில்லுக்கு ஒரு மிளகாய்

வணக்கம் நேயர்களே. அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டால் அடுத்த அறையிலிருந்து எழுந்து வருகிற ஆள் நான். நாச்சோஸ் பைத்தியம் பிடித்ததும் அதனால்தான். சிங்கப்பூரில் ஹாலந்து வில்லேஜ், கத்தோங், ராபர்ட்சன் கீ என்று மெக்சிகோ உணவகம் கண்ட இடமெல்லாம் நுழைந்துவிடுவேன். "அப்பா, மறுபடியுமா?" என்பாள் மகள். ஆனால் கூடவே வருவாள்.

மக்காச்சோள ரொட்டியை முக்கோணமாக வெட்டிப் பொரித்து, மேலே சீஸ் உருக்கி, ஊறவைத்த ஹாலப்பென்யோ மிளகாய் வைத்தால் நாச்சோஸ். அவ்வளவுதான்.

இது பிறந்த கதையை யார் கிடைத்தாலும் சொல்வேன், இன்று நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். 1940களின் தொடக்கம். மெக்சிகோவின் எல்லை ஊர் பியத்ராஸ் நெக்ராஸ். ஆற்றுக்கு அக்கரையில் டெக்சஸ். அங்கிருந்து சில அமெரிக்கப் பெண்கள் பசியோடு ஓர் உணவகத்துக்கு வருகிறார்கள். சமையல்காரரைக் காணோம். பரிமாறுவோரை மேற்பார்க்கும் இக்னாசியோ அனாயா தானே அடுப்படிக்குள் போகிறார். இக்னாசியோ என்று பெயர் வைத்தால் அங்கே 'நாச்சோ' என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ஊரில் சுப்பிரமணியன் சுப்பு ஆவது போல. கையில் கிடைத்த சில்லுகளைப் பரப்பி, சீஸ் போட்டுச் சூடாக்கி, மிளகாய் வைத்துக் கொடுத்தார். கவனியுங்கள், பரப்பினார். ஒவ்வொரு சில்லுக்கும் அதன் சீஸ், அதன் மிளகாய்.

இங்கே என்ன செய்கிறார்கள்? குவிக்கிறார்கள்! ஒரு கடையில், பெயர் வேண்டாம், 24 வெள்ளியும், அதற்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் கொடுத்து மலை போல ஒரு தட்டு வாங்கினோம். உச்சியில் ஆறு சில்லு அருமை. அடுத்த அடுக்கில் சீஸே இல்லை. அடியில் சல்சா என்கிற தக்காளிச் சட்னியின் தண்ணீரில் ஊறி, கூழ். மகள் கரண்டி கேட்டாள். வெளித்திண்ணை மேசை வேறு. நம் ஊர்க் காற்றில் அப்பளமே கால் மணி நேரத்தில் நமுத்துப்போகும், சோளச் சில்லு என்ன செய்யும்?

சிலர் உருக்கிய சீஸுக்குப் பதில் மஞ்சள் நிறச் சீஸ் குழம்பை ஊற்றுகிறார்கள். 1976இல் டெக்சஸின் ஒரு பேஸ்பால் அரங்கில் விற்பனைக்கு வந்து பரவிய வழக்கம் அது. அரங்கத்தில் வரிசை நகர வேண்டும், சரி. உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் எதற்கு?

நல்ல சில்லுக்கு ஒரு வாசனை உண்டு. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்து அரைப்பதால் வருவது. ஆமாம், பாட்டி வெற்றிலையில் தடவிய அதே சுண்ணாம்பு. ஜூ சியாட் வட்டாரத்தில் எட்டு மேசை உள்ள ஒரு கடையில் அந்த வாசனை வாசலிலேயே வந்தது. அகலத் தட்டில் ஒரே அடுக்கு. கடைசிச் சில்லையும் கடித்தபோது 'நொறுக்' என்றது. மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இன்னொரு தட்டு சொன்னோம்.

ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள்: "பரப்பித் தருவீர்களா? சல்சாவைத் தனிக் கிண்ணத்தில் தருவீர்களா?" பல இடங்களில் செய்து தருகிறார்கள்.

அவக்காடோவைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது மெக்சிகோவில் பழைய வழக்கம். சைவம் சாப்பிடுவோரும் ஹலால் பார்ப்போரும் அதைக் கேட்டுவிட்டு... சரி சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.